மகள் விட்டுப்போன பாம்புக்கு வாய்ப்புண்

வீட்டில் பாம்பு இருக்கிறது என்று சொன்னால் போடியில் "அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். வளர்க்கிறோம் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். என்ன செய்ய? பெங்களூருக்கு வேலைக்குப் போன மகள் வாங்கியது. ஆப்பிரிக்க மலைப்பாம்பில் ஒரு சின்ன ஜாதி. விஷம் கிடையாது, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வனத்துறையில் பதிவெல்லாம் முறையாகச் செய்திருக்கிறாள். வாடகை வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் முன்னறையில் இறக்கிவிட்டாள். அதைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். நான் பெறாத தம்பி.

"இதுக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்த வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சொன்னது என்னிடம், அவள் அப்பாவிடம் இல்லை. காரணம் உண்டு. பெட்டி வந்த அன்றைக்கே நான், "ஏதேன் தோட்டத்துல ஏமாந்தது பத்தாதா, ஜெபம் பண்ற வீட்டுலயும் இது வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு அந்தக் கவலையே இல்லை. பஜாரில் பாத்திரக்கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு செய்தி பார்க்க உட்கார்ந்துவிடுவார். பெட்டியைத் துடைப்பது, தண்ணீர் மாற்றுவது, ஃப்ரிட்ஜில் மீனுக்குப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் எலியை எடுத்து வெந்நீரில் போடுவது எல்லாம் என் தலையில்.

கிறிஸ்துமஸ் முடிந்து, மலைக்காற்று ஊருக்குள் நன்றாக இறங்கியிருந்த நாட்கள். பாம்பு தலையைத் தூக்கி, வாயைச் சரியாக மூடாமல் வைத்திருந்தது. வாயோரத்தில் எச்சில் நூலாக இழுத்தது. இரையும் எடுக்கவில்லை. மகளுக்கு வீடியோவில் காட்டினேன்.

"வாயோரம் என்ன செவப்பு? என்னம்மா பண்ணுன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் என்னடி பண்ணுவேன்? அதுக்கு மிளகாப்பொடியா போட்டேன்?"

"உனக்குத்தான் அதக் கண்டாலே ஆகாதே."

போனை வைத்துவிட்டாள். பெற்ற தாய் மேல் சந்தேகம்! அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். முதலில் வீடு துடைக்க வரும் அக்கா மேல். பினாயிலை அள்ளி ஊற்றுகிற கை அவளுக்கு. பெட்டியைச் சுற்றி முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அடியாத்தி, நான் அந்த ரூமுக்குள்ள போனால்ல? வாசல்ல நின்னு மாப்ப நீட்டுறதோட சரி" என்றாள். குனிந்து பார்த்தால் பெட்டிக்கடியில் தூசி மெத்தென்று கிடந்தது. பொய் சொல்லவில்லை. இன்னொரு நேரமாக இருந்தால் அதற்கே சண்டை பிடித்திருப்பேன். அடுத்து மதுரையிலிருந்து வரும் எலி மேல் சந்தேகம். ஒன்றை எடுத்து முகர்ந்துகூடப் பார்த்தேன். கர்த்தருக்குத்தான் வெளிச்சம், என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் என் மகள்.

பாம்பைத் துணிப்பையில் போட்டு, டப்பாவில் வைத்து, தேனிக்குக் காரில் கொண்டுபோனோம். ஆடுமாடும் நாயும் பார்க்கிற டாக்டர். "நான் பாம்பு அதிகம் பாத்ததில்லம்மா" என்று சொல்லிவிட்டு, சென்னையில் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு வைத்துக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல, பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தை மெல்ல நுழைத்து வாயைத் திறந்தார். ஈறில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். ஒரு மூலையில் தயிர்க்கட்டி போல வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வாய்ப்புண் ஆரம்பம்னு நினைக்கிறேன். டெஸ்டுக்கு எடுத்து அனுப்புவோம். அதுவரைக்கும் ஊசி போடணும், வாயத் தொடச்சு விடணும். விட்டா தாடை எலும்பு வரைக்கும் போயிரும். ஆமா, பெட்டியில சூடு சரியா இருக்கா? இந்த ஜாதிக்குக் குளிர் ஆகாது. குளிர்ல கெடந்தா எதிர்ப்புச் சக்தி போயிரும்."

"அடியில கரண்டுல சுடுற சூட்டு மேட்டு இருக்கு டாக்டர். ராப்பகலா சுவிட்சு போட்டேதான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நம்பவில்லை. இவரும் என் மகள் கட்சி.

என் வீட்டுக்காரர் மட்டும் குறுக்கே, "பெங்களூருல இருந்து பிள்ள வந்து பாக்கணுமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர், அவசியமில்லை, மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் போதும் என்றார். இவர் முகம் சுண்டிப்போனது. பாம்பு பிழைக்கும் என்று கேட்ட மனுஷனுக்கு முகம் ஏன் சுண்ட வேண்டும்? வழியெல்லாம் அதுதான் என்னைக் குடைந்தது. கல்யாணமான நாளிலிருந்து கடைசியாக விளக்கணைத்துவிட்டுப் படுப்பவர் அவர். காலையில் முதலில் எழுந்திருப்பவரும் அவர்தான்.

மறுநாள் விடியுமுன் அவருக்கு முன்னால் எழுந்தேன். கண்ணாடியில் கை வைத்தால் ஜில்லென்று இருந்தது. சுவிட்சு அணைந்திருந்தது. நான் அதைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்தார். லைட்டைக்கூடப் போடாமல் கை நேராகச் சூட்டு மேட்டின் சுவிட்சுக்குப் போனது. போட்டுவிட்டுத் திரும்பினால் நான்.

"எத்தன நாளா நடக்குது?"

கண்ணாடியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "முன்ன கரண்டு போயி இது ரெண்டு தடவ எர எடுக்காம கெடந்துச்சுல்ல, அப்ப ஓடி வந்தாளே" என்றார். "அதே மாதிரி ஒருவாட்டி எர எடுக்காமப் போகும்னுதான் நெனச்சேன். வாய் புண்ணாப் போகும்னு எனக்கு என்ன தெரியும்?"

"பாவி மனுஷா! பழி பூரா என் தலையில விழுதே, பாத்துக்கிட்டு இருந்தீகளே!" கையில் கிடைத்த துடைக்கிற துணியை அவர் மேல் எறிந்தேன். அவர் அதை மடித்து வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாய்ப்புண், ஊசி என்று சேதி போனதும் சனிக்கிழமை காலையில் மகள் வந்தாள். பையை இறக்காமலே பெட்டிக்குப் போனாள். தன் ஏடிஎம் கார்டால் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். "நான் கொண்டு போறேன். வேற வீடு பாத்துட்டேன், அங்கன வச்சுக்கலாம்" என்றாள். பிறகு என்னை முறைத்தாள். "டாக்டர்ட்ட பேசுனேன். குளிராத்தான் இருக்கும்ங்கிறாக. சூட்ட அணைச்சது நீதான?"

நான் ஒன்றும் தியாகி இல்லை. "உங்கப்பாவக் கேளு" என்றேன். "நீ வருவேன்னு அணைச்சாக."

அவள் அவரைப் பார்த்தாள். "ஏம்ப்பா, அதுக்கு ஒரு வாயில்லா ஜீவனையா? எனக்கு ஒரு போன் போட்டு வான்னு சொல்லக் கூடாதா?"

"கிறிஸ்மஸுக்கு வான்னு சொன்னேன்த்தா" என்றார் அவர். "லீவு இல்லன்னியே."

அவள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். குனிந்து பாம்பைத் துணிப்பைக்குள் விட ஆரம்பித்தாள். பெட்டி போய்விட்டால் இந்த அறைக்கு இவள் எதற்கு வரப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அத இங்கனயே விட்டுட்டுப் போடி" என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம். "ஊசிக்கு நானே கொண்டு போறேன். வாயும் நானே தொடச்சு விடுறேன்."

நம்பாமல் பார்த்தாள். "நீ சூட்ட அணைக்க மாட்டேல்ல?"

மாட்டேன் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டருக்கும் லீவு இல்லை என்று அவள் போன வாரமே சொல்லியிருந்தது நினைவில் வந்து நின்றது. என் கண் சுவிட்சுப் பக்கம் போனது.

அவள் பையின் வாயைக் கட்டினாள்.