சென்னிமலையின் கண்ணாடிக் கம்ப்யூட்டர்

தறிக்காரர் சென்னிமலைக்குத் தன் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு வாழைப்பூதான் காரணம்.

ஜலகண்டாபுரத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி வைத்துச் சேலை ஓட்டுகிறவர் அவர். தறிக்கு மேலே உட்கார்ந்து சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டிக்கு முன்பெல்லாம் துளை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டுவார்கள். இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் வரைந்து பென் டிரைவில் கொடுத்தால் பெட்டி படித்துக்கொள்கிறது. அந்த டிசைன்களை வரைவதற்கு மோகனப்பிரியா என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார். அவள் வரைந்ததில் அவருக்கு மிகவும் பிடித்தது வாழைப்பூக் கரை. மடல் மடலாக விரிந்து, ஒவ்வொரு மடலுக்கடியிலும் பூ எட்டிப் பார்க்கும். மாதிரிக்கு ஒரே ஒரு சேலை நெய்து, பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

அதே கரையை அவர் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், பொம்மையின் தோளில் பார்த்தார்.

முதலில் யாரோ தன்னைப் போலவே நினைத்திருக்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பிறகு கிட்டே போய் முந்தியைப் புரட்டினார். அவருடைய மாதிரிச் சேலையில் ஒரு பிழை இருந்தது. எல்லா மடலும் வலப்பக்கம் விரிய, ஒன்று மட்டும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும். திருத்த வேண்டும் என்று மோகனப்பிரியாவே சொல்லி வைத்திருந்த பிழை. பொம்மையின் சேலையிலும் அந்த ஒரு மடல் இடப்பக்கம் பார்த்தது. கடைக்காரர், "எடுத்துப் போடட்டுங்களா?" என்று கேட்டதும் சென்னிமலை படியிறங்கி வந்துவிட்டார்.

சந்தேகம் அவருக்குப் புதிதல்ல. வண்டியைச் சர்வீசுக்கு விட்டால் ஸ்பார்க் பிளக்கில் அடையாளப் புள்ளி வைத்துவிட்டுத்தான் விடுவார். அரிசி மூட்டை வாங்கினால் தைத்த நூலின் நிறத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார். ஒரு தடவை கம்ப்யூட்டர் பழுதாகிச் சேலத்தில் வின்சென்ட் என்பவரின் சர்வீஸ் கடைக்குப் போனபோது, மனைவி ராமாத்தாளின் நகப்பாலீஷை எடுத்து உள்ளேயிருந்த மெமரி தகட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்து அனுப்பினார். திரும்பி வந்ததும் திறந்து பார்த்தார். பொட்டு இல்லை. தகட்டை மாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். வின்சென்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு கம்ப்யூட்டர் அந்த வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. எது பழுதானாலும் வின்சென்ட்தான் சேலத்திலிருந்து வர வேண்டும். சென்னிமலை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வின்சென்டின் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வாழைப்பூவைப் பார்த்துவிட்டு வந்த வாரம், அவர் நேராகப் போனது ஆட்டையாம்பட்டிக்கு. ராமாத்தாளின் தம்பி குமரகுரு அங்கே தறி போட்டிருந்தான். ஊரில் எல்லாரையும் ஒரு கண் சுருக்கிப் பார்க்கிற சென்னிமலை, குமரகுருவை மட்டும் இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பார். கொரோனா காலத்தில் அவர் மூச்சுக்குத் திணறியபோது, சொந்த அண்ணன் தம்பிகளே கிட்டே வரத் தயங்க, தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன் அவன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குமரகுரு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"ஊட்டுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டரு. வெளிய போகுதுன்னா, தொடறவங்கதானுங்க மாமா கொண்டு போகோணும்."

"மோகனாவைச் சொல்றயா?"

"நான் சொல்லலீங்க. நீங்கதான் சொல்றீங்க. ஆனா கவனிங்க. பென் டிரைவு சுண்டுவிரல் அளவுதான் இருக்கு."

மறுநாள் சாயங்காலம், வேலை முடித்துக் கிளம்பிய மோகனப்பிரியாவைச் சென்னிமலை வாசலில் நிறுத்தினார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதே. பையை ஒருக்கா தொறந்து காட்டிட்டுப் போ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பா, குடை, துப்பட்டாவுக்குக் குத்தும் ஊசிகள், பஸ் டிக்கெட்டுகள். சென்னிமலை தலையை ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் அது வழக்கமாகிவிட்டது. அவள் ஒரு நாளும் கோபித்துப் பேசவில்லை. அதுவே அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. குற்றமில்லாதவள் என்றால் ஏன் சண்டை போடவில்லை என்று ராமாத்தாளிடம் கேட்டார்.

"வேலை போயிருமேன்னு பயந்திருக்கும்," என்றாள் ராமாத்தாள். "உங்ககிட்ட யாரு சண்டை போட்டு செயிக்கறது?"

பையில் எதுவும் கிடைக்காததால் அவர் சந்தேகம் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இறங்கியது. வின்சென்ட் உள்ளே ஏதாவது பொருத்தி வைத்திருப்பானோ? இரண்டு பேரும் கூட்டோ? தகரப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இப்படிக் குழம்பிக்கொண்டிருந்த நாளில்தான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். ஒருவன் பழைய மானிட்டரைப் பிரித்து, அதன் பின்னாலிருக்கும் வெளிச்சப் பலகையை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் கண்ணாடியைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் பதித்திருந்தான். உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. அதே கண்ணாடியில் படமும் ஓடியது. வீடியோக்காரனுக்கு அது விளையாட்டு. சென்னிமலைக்கு அது பூட்டைவிட நல்ல காவலாகத் தெரிந்தது.

பரணில் கிடந்த அவருடைய முதல் மானிட்டரை இறக்கினார். வின்சென்டை வரச் சொன்னார்.

"இதுக்குப் பதிலா அக்ரிலிக் ஷீட்டு ஒண்ணு போட்டாப் போதுமே, சார்," என்றார் வின்சென்ட்.

"உள்ளயும் தெரியோணும், மேலயும் ஓடோணும். அதுல என்ன வேலை நடக்குதுன்னு நான் எங்க உக்காந்தாலும் பாக்கோணும். நீங்க வழி சொல்லுங்க, நான் பண்றேன்."

அப்படித்தான் அந்த வேலை நடந்தது. சொல்வது வின்சென்ட், செய்வது சென்னிமலை. ஓரத்துச் சட்டத்தை நகத்தால் நெம்பிக் கழற்றினார். தகர முதுகை எடுத்தார். "மெதுவாங்க, அந்தப் பட்டை ஒயரு முடி மாதிரி, போச்சுன்னா போச்சு," என்று வின்சென்ட் சொல்லச் சொல்ல, நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுப் பழகிய விரல்கள் கண்ணாடியை அலுங்காமல் தூக்கின. பின்னாலிருந்த வெள்ளைத் தாள்களையும் குழல் விளக்கையும் தனியே வைத்தார்கள். விளக்குக்குள் பாதரசம் உண்டு, உடைத்துவிடாதீர்கள் என்று வின்சென்ட் அதைத் துணியில் சுற்றி வைத்தார். மிஞ்சிய கண்ணாடியைச் சென்னிமலை வெயிலுக்கு நேரே பிடித்தார். கூலிங் கிளாஸ் வழியாகப் பார்ப்பது போல் தறிக்கொட்டகை மங்கலாகத் தெரிந்தது.

பெட்டியின் பக்கத் தகட்டை வெல்டிங் பட்டறையில் கொடுத்துச் சதுரமாக வெட்டி வாங்கி வந்தார். கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன்னால் பெட்டிக்குள் படிந்திருந்த பஞ்சுத் தூசியைப் பிரஷால் தட்டினார். மெமரி தகட்டைக் கழற்றித் துடைத்தபோது, அதன் மறுபக்கத்தில், தூசிக்கு அடியில், சிவப்புப் பொட்டு இருந்தது.

அவர் அதை வைத்த பக்கம் ஒன்று, தேடிய பக்கம் ஒன்று. இத்தனை வருஷம் வின்சென்டைத் திருடனாகப் பார்த்த நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். வின்சென்ட் எதிரே, ஒயருக்கு மேல்தோல் சீவிக்கொண்டிருந்தார். சென்னிமலை தகட்டை அதன் இடத்தில் செருகிவிட்டு, உள்ளே போய், "காப்பி வையி. பலகாரம் ஏதாச்சும் இருந்தாலும் எடு," என்று ராமாத்தாளிடம் சொன்னார். வின்சென்டுக்கு அந்த வீட்டில் காப்பி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

பெட்டிக்குள் சுற்றிலும் வெள்ளை எல்.ஈ.டி. பட்டை ஒட்டி, கண்ணாடியை மூடி, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார்கள். மேசை மானிட்டரில் வருவதே பெட்டியின் கண்ணாடியிலும் வரும்படி வின்சென்ட் இணைத்திருந்தார். வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் கண்ணாடியாகத் தெளிந்து உள்ளே சுழலும் காற்றாடி தெரிந்தது. கறுப்பாக இருக்கும் இடம் மட்டும் மறைத்தது. மோகனப்பிரியா ஒரு டிசைனைத் திறந்தாள். கறுப்புக் கோட்டில் வரைந்த பூக்கள், பச்சைத் தகடுகளுக்கும் ஒயர்களுக்கும் முன்னால் அந்தரத்தில் நின்றன. அவளையறியாமல் அவள் முகம் மலர்ந்தது. சென்னிமலை அதையும் கவனித்தார். எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசித்தார்.

மின்சாரம் வீணாகிறது என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேசை மானிட்டரை அணைத்துவிடுவது அவர் வழக்கம். கம்ப்யூட்டரை அணைக்க மாட்டார். மறுபடி எழுந்து வர நேரம் பிடிக்கும். பெட்டியின் கண்ணாடிக்குத் தனிச் சுவிட்ச் இல்லாததால் அது மட்டும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம், மோகனப்பிரியா அதே அறையின் மூலையில் டப்பாவைத் திறந்து தயிர்ச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சென்னிமலை வாசற்படியில் நின்று அவளைப் பார்ப்பது போலவும் பார்க்காதது போலவும் இருந்தார். அப்போது பெட்டியின் கண்ணாடியில் ஏதோ அசைந்தது.

காற்றாடிக்குக் குறுக்கே அம்புக்குறி நகர்ந்து போனது.

மவுஸ் மேசையில் சும்மா கிடந்தது. மோகனப்பிரியாவின் வலது கை சோற்றில் இருந்தது. இடது கை டப்பாவின் மூடியைப் பிடித்திருந்தது. அம்புக்குறி தயங்காமல், வீடு தெரிந்த விருந்தாளியைப் போல டிசைன்கள் இருக்கும் இடத்துக்குப் போய் நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தது.

சென்னிமலை பெட்டியைக் கை காட்டினார். "அம்மிணி," என்றார். அவ்வளவுதான் வந்தது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சோற்றுக் கையோடு எழுந்து வந்து குனிந்தாள்.

"யாரோ வெளியிலிருந்து ஓட்டறாங்கண்ணா."

"ஒயரைப் புடுங்கட்டுமா?"

"வேண்டாங்க. யாருன்னு பாக்கலாம். பேரு வரும்."

கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. மங்கலான எழுத்து. அவள் மெமரி தகட்டின் மேல் விழுந்த அந்த எழுத்தைக் கூட்டிப் படித்தாள். நகர்ந்துகொண்டு அவருக்கு இடம் விட்டாள். சென்னிமலை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். குமரகுரு டெக்ஸ், ஆட்டையாம்பட்டி.

புதிதாக வரைந்துகொண்டிருந்த தாழம்பூ முந்தி நகலாகிப் போய்ச் சேரும் வரை இருவரும் நின்று பார்த்தார்கள். பிறகு கட்டம் மறைந்தது. அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது.

எப்படி உள்ளே வந்தான் என்பது அவருக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவரே சொன்னதுதான். தறி நிற்கக் கூடாது, டிசைனை அங்கிருந்தே பார்த்து ஏற்றி விடு மாப்ள என்று கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைத் தந்திருந்தார். வீடு திரும்பிய பிறகு அதை மாற்றவே தோன்றவில்லை. அவனிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே ஆட்டையாம்பட்டிக்குப் போனார். கூடவே ராமாத்தாளும் வந்தாள். குமரகுரு முதலில் இல்லை என்றான். அக்கா முகத்தைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஆர்டர் இல்லாமல் தறி நின்றதையும், மானிட்டர் அணைந்திருக்கும் மதிய நேரமாகப் பார்த்து, ஒரே ஒரு தடவை என்று தொடங்கியதையும் சொன்னான்.

சென்னிமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன். அது போகட்டும். அந்தப் புள்ளையப் பாத்து ஏண்டா கையைக் காமிச்சே?"

"நான் எங்கீங்க மாமா காமிச்சேன்? நீங்கதான் அது பேரைச் சொன்னீங்க. கவனிங்கன்னேன், அவ்வளவுதானுங்க."

சென்னிமலை எழுந்தார். உயிரைக் காப்பாற்றியவனை அடிக்கவும் கை வரவில்லை, மன்னிக்கவும் வாய் வரவில்லை. திரும்பி வரும் வழியில் ராமாத்தாள்தான் பேச்செடுத்தாள்.

"எந்தம்பியோட சேர்றதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். மோகனாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

மறுநாள் காலையில் மோகனப்பிரியா வந்ததும் வராததுமாக அவர் எழுந்து நின்றார். எழுந்து நின்று பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணிட்டேன் அம்மிணி."

"பரவால்லீங்கண்ணா," என்றாள் அவள். மானிட்டரைப் போட்டாள். உட்காரவில்லை. "நேத்து அது கண்ணுல படாமப் போயிருந்தா, இன்னைக்கும் நீங்க வாசல்லதானுங்க நின்னிருப்பீங்க. எனக்கு அதுதான் நேத்து ராத்திரி பூராவும் மனசுல ஓடிட்டிருந்துச்சு. சேலத்துல ஒரு எடத்துல கூப்பிட்டிருக்காங்க. தாழம்பூவை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனுங்க."

போகாதே என்று சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. சொன்ன மாதிரியே முடித்துக் கொடுத்தாள். எடுத்த டிசைனைக் குமரகுரு நெய்வதற்குள் முந்திக்கொள்ள வேண்டும் என்று முந்தியின் வளைவுகளைக்கூட மாற்றி வரைந்து தந்தாள். தாழம்பூச் சேலை நன்றாகப் போனது.

வின்சென்ட் வந்து வெளியிலிருந்து ஓட்டும் வழியை அடைத்துவிட்டுப் போனார். இப்போது சௌந்தர்யா என்ற பெண் டிசைன் போடுகிறாள். சந்தேகம் வந்தால் சென்னிமலை இன்னும் மோகனப்பிரியாவுக்குத்தான் போன் செய்கிறார். கரை இழுக்கிறது, கட்டம் சேரவில்லை என்று கேட்பார். அவள் பொறுமையாகச் சொல்வாள். பேசி முடிக்கும்போது, "ஊட்டுக்கு ஒருக்கா வா சாமி, ராமாத்தா உன்னையக் கேட்டுட்டே இருக்கறா," என்பார்.

"வாரேனுங்கண்ணா," என்பாள்.

தீபாவளியும் போய்விட்டது, பொங்கலும் போய்விட்டது. அவள் இன்னும் வரவில்லை.