அக்கா வீட்டுத் தண்ணீர்

ஸ்வீடனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். காட்டுக்குள் ஓடும் ஓர் ஓடையில் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் புழுக்களைச் சேகரித்துக்கொண்டிருந்தோம். எந்தப் புழு இருக்கிறது, எது காணாமல் போனது என்பதை வைத்துத் தண்ணீரின் சுத்தத்தைச் சொல்லலாம். அதுதான் எங்கள் ஆராய்ச்சி. வேலைக்கு நடுவே உடன் வந்த லேனா குனிந்து, அதே தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாள். என்னையும் குடிக்கச் சொன்னாள். என் கை நீளவில்லை. "உங்கள் மதத்தில் கூடாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விளக்கத் தெம்பில்லாமல் தலையாட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து எனக்கென்று வீட்டுக் குழாய்த் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவந்தாள். அந்த ஓடை போய்ச் சேரும் ஏரியிலிருந்துதான் அதுவும் வருகிறது என்பது பிறகு தெரிந்தது.

கடலூரில் செம்மங்குப்பம் பக்கம், கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பின்னால் என் அக்கா வீடு. மாமா அங்கே ஒரு கம்பெனியில் பாய்லர் பார்க்கிறார். வீடு கட்டியதும், என்னை அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்ததும் அந்தச் சம்பளம்தான். 2010இல் லீவில் போனபோது அக்கா எனக்கு மட்டும் கடையில் வாங்கிய கேன் தண்ணீரைக் கொடுத்தாள். அவர்கள் போர் தண்ணீரையே குடித்தார்கள். வடித்த சோறு மஞ்சளாக இருந்தது.

"நீ அங்க தண்ணியத்தானே பாக்குற? இதையும் பாத்துச் சொல்லேன்" என்றாள்.

இரண்டு பாட்டிலில் பிடித்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். என்னோடு படித்தவன் அங்கே ஒரு ஆய்வகத்தில் இருந்தான். சோதித்துவிட்டு, "இத யாருடா குடிக்கிறாங்க?" என்றான். காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் வந்து சொன்னதும் மாமா எழுந்து கதவைச் சாத்தினார். "மச்சான், நீ சொல்லிட்டு பிளேன் ஏறிடுவ. இது தெருவுல பரவுனா நம்ம ஊட்ட எவன் வாங்குவான்? கம்பெனியில என்ன கேட்டுக்குள்ள வுடுவாங்களா?"

"ஊட்ட என்ன விக்கவா போறோம்?" என்றாள் அக்கா.

"விக்கலாம்ங்கிற நெனப்புலதான்டி நான் இதுக்குள்ள இருக்கேன்."

சிதம்பரத்துக்குக் குடிபோய்விடுங்கள் என்றேன். "அங்க பாய்லர் எங்க இருக்கு?" என்று சிரித்தார். நானும் ஒன்றும் சுதந்திர மனிதன் இல்லை. என் விசா அந்த ஆராய்ச்சியோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் நாட்டை விட வேண்டும். ஊரில் எனக்கு வேலை தருவார் யாருமில்லை. லீவு முடிந்து கிளம்பிவிட்டேன்.

திரும்பிய சில வாரங்களில் எங்கள் ஓடைக்காக ஒரு கூட்டம். கரையோர மரங்களை வெட்டினால் மண் சரிந்து, ஓடையில் வாழும் சிப்பிகள் செத்துவிடும் என்று ஊரே வந்து உட்கார்ந்திருந்தது. மர வியாபாரி, வெட்டும் எல்லையைக் கரையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். பிறகு எல்லோரும் காப்பி குடித்தார்கள். "ஜெயித்துவிட்டோமே, உனக்குச் சந்தோஷமில்லையா?" என்றாள் லேனா. சந்தோஷம்தான் என்றேன். பொய் இல்லை. ஆனால் காப்பியை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன்.

அதற்குள் அக்கா, மாமாவின் பேச்சை மீறி, வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். "நாம மட்டும் கேன் வாங்கிக் குடிச்சிட்டு, பக்கத்து ஊட்டுப் புள்ள மூஞ்சிய எப்படிடா பாக்குறது?" என்றாள் போனில். பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். லாரித் தண்ணீர் வரத் தொடங்கியது. மாமாவை பாய்லரிலிருந்து மூட்டை ஏற்றும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பல நாள் அவர் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். வீட்டை வாங்க யாரும் வரவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு காலை, பனியில் பஸ்ஸுக்கு நின்றபடி அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். "லாரி வந்துடுச்சுடா" என்று போனை மதில்மேல் வைத்துவிட்டு ஓடினாள். குடங்கள் இடிபடுவதும் பெண்கள் சத்தம் போடுவதும் கேட்டன. யாரோ போனை எடுத்தார்கள்.

"தண்ணி பாக்குற தம்பியா? பக்கத்து ஊட்டுலேர்ந்து பேசுறேன். எங்க போரையும் பாத்துச் சொல்லணும் தம்பி. எப்ப வர்றீங்க?"

அதே நேரம் என் முன்னால் பஸ் வந்து நின்று கதவு திறந்தது. "ஸ்கா தூ மே?" என்றார் டிரைவர். கூட வருகிறாயா என்று அர்த்தம்.

இரண்டு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.