ஆறாம் நம்பர் கொக்கி

எங்கள் கிளப்பில் ஒரு மேனேஜரை வேலையை விட்டு அனுப்பினால், அவர் பெட்டி கட்டுவதற்கு முன்னால் நான் கட்டிவிடுவேன். அவருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வளைகுடாவில் ஒரு கால்பந்து கிளப்பின் லாண்டரியில் ஜெர்சி துவைக்கிறவன் நான். யார் மேனேஜராக இருந்தாலும் வியர்வை ஒரே வியர்வைதான். ஆனாலும் செய்தி காதில் விழுந்ததும் முவைலாவில் இருக்கும் என் ரூமுக்கு ஓடி, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பெட்டியை இழுத்துச் சட்டைகளை அடுக்க ஆரம்பிப்பேன். அடுத்தது நீதான், விசா கேன்சல், கலாஸ், கதை முடிந்தது என்று வயிறு சொல்லும். வயிறு சொன்னது ஒருமுறைகூட நடந்ததில்லை. அதற்காக வயிறு வாயை மூடவும் இல்லை.

ஊரில், குளச்சல் பக்கம் இருக்கும் மனைவிக்கு இது பழகிப்போயிற்று. போனில் கேட்பாள்.

“என்ன, பெட்டி கெட்டியாச்சா?”

“கெட்டிட்டு இருக்கேன்.”

“அந்த நீலச் சட்டைய உள்ள வைக்காதிய. நாளைக்கு டியூட்டிக்கு உடுக்கணும்லா.”

இந்தப் பெட்டிக் கதையை ஒரு ஸ்பெயின்காரரிடம் போட்டுக்கொடுத்தது என்னோடு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி. அந்த ஸ்பெயின்காரர் அப்போது எங்கள் அணியில் ஆறாம் நம்பர், நடுக்கள ஆட்டக்காரர், கேப்டன். ஐரோப்பாவின் பெரிய மைதானங்களில் ஆடி முடித்து, முழங்காலில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தவர். அதிகம் ஓட மாட்டார். நின்ற இடத்திலிருந்து ஒரு தட்டு தட்டுவார். பந்து யாருமே பார்க்காத இடத்துக்குப் போய், அங்கே ஒருவன் அப்போதுதான் வந்து சேர்வான். பயிற்சி முடிந்ததும் லாண்டரிக்கு வந்து, காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு பால் இல்லாத எங்கள் சுலைமானி டீயைக் குடிப்பார். பாதி ஆங்கிலம், பாதி இந்தியில் பேச்சு. யாராவது மேனேஜர் போய்விட்டால், “பாய், இந்தத் தடவை பெட்டி எத்தனை கிலோ?” என்று கேட்டுத் தொடையில் அடித்துச் சிரிப்பார்.

பிறகு முழங்கால் முடியாது என்று சொல்லிவிட்டது. அவர் ஆட்டத்தை விட்ட அதே மாதம் இருந்த மேனேஜரும் அனுப்பப்பட, கிளப் இவரையே அந்த நாற்காலியில் உட்கார வைத்தது. சீசன் முடியும்வரை. ஜெயித்தால் நிரந்தரம், இல்லையென்றால் ஏர்போர்ட். அன்றைக்குக் கூடையில் உட்கார்ந்து டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“முதல் வேலையிலேயே தோற்றால் இரண்டாவது வேலையை எவனும் தர மாட்டான், பாய். எனக்கு இதைத் தவிர ஒன்றும் தெரியாது.”

“அச்சா ஹோ ஜாயேகா, கேப்டன்” என்றேன், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று. பயத்தில் பட்டம் வாங்கியவன் தைரியம் சொல்கிறேன்.

மேட்ச் நாளில் எங்கள் வேலை இதுதான். உடை மாற்றும் அறையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு கொக்கி. நம்பர் வெளியே தெரிய ஜெர்சியைத் தொங்கவிட்டு, கீழே டிராயர், காலுறை, பூட்ஸ் வைக்க வேண்டும். ஆளுக்கு ஆள் ஒரு கிறுக்கு உண்டு. ஆறாம் நம்பருக்கு இடது காலுறை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி இருக்க வேண்டும். இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை, கை செய்துவிடும். அவர் மேனேஜராக நின்ற முதல் மேட்ச் அன்றும் கை செய்துவிட்டது. வெளியே தண்ணீர் பாட்டில் அடுக்கும்போதுதான் உறைத்தது: ஓய்வுபெற்ற மனிதருக்கு ஜெர்சி மாட்டி வைத்திருக்கிறேன். காலுறைகூடத் திருப்பி!

பாட்டில்களை மார்போடு கேடயம்போல அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். நேரம் தாண்டிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கோட்டும் சூட்டுமாக எனக்குப் பின்னாலேயே வந்து நின்றார். ஆட்டக்காரர்கள் ஜெர்சியைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் மனசுக்குள் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

அவர் கிட்டே போய் இடது காலுறையைத் தொட்டுப் பார்த்தார். “சரியாகத்தான் வைத்திருக்கிறாய், பாய்” என்றார். அந்த ஜெர்சிக்குக் கீழே நின்றே பேசினார். அன்றைக்கு ஜெயித்தோம்.

கால்பந்து ஆடுகிறவர்கள் ஜெயித்த நாளில் எந்த ஜட்டி போட்டிருந்தார்களோ அதையே சீசன் முழுக்கப் போடுகிற ஜாதி. துவைக்கிற எனக்குத் தெரியாதா? அடுத்த மேட்சுக்கும் அந்த ஜெர்சி தொங்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். தொங்கவிட்டேன். மறுபடி ஜெயித்தோம். அவர் வாசலில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உலகத்திலேயே தப்புச் செய்து பதவி உயர்வு பெற்றவன் நான் ஒருவன்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு தோற்க ஆரம்பித்தோம்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நேற்றுவரை அவர் தோளில் கைபோட்டுச் சிரித்தவர்கள், அவர் அறைக்குள் வந்தால் பாட்டை நிறுத்தினார்கள். லாண்டரிப் பக்கம் அவர் வருவதும் நின்றது. துவைக்க வேண்டியதை மற்றவர்களைப் போல வலைப்பையில் போட்டு ஊக்குக் குத்தி, கூடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஜெர்சி மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. எடுத்தால் எடுத்ததால் தோற்றோம் என்பார்கள், விட்டால் விட்டதால். ராத்தூக்கம் போயிற்று.

“அண்ணே, ஒரு மாலையும் ஊதுவத்தியும்தாண்ணே பாக்கி” என்றான் புதுக்கோட்டைத் தம்பி.

“வாய மூடுலே.”

ஆனால் அவன் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மேட்ச் நடக்கும்போது நான் பெஞ்சுக்குப் பின்னால் துண்டுகளோடு நிற்பேன். மைதானத்தின் எல்லைக்கோட்டருகே நிற்கும் அவருடைய முதுகுதான் தெரியும். பந்து நடுக்களத்துக்கு வரும்போதெல்லாம் அவருடைய வலது பாதம், தோல் ஷூவுக்குள் இருந்தபடியே, லேசாகத் திரும்பித் தட்டும். அவர் தட்டிய திசைக்கு மைதானத்தில் யாரும் பந்தைத் தர மாட்டார்கள்.

ஜனவரியில் புதிதாக ஒரு நடுக்கள ஆட்டக்காரனை வாங்கினார்கள். ஆறாம் நம்பர்தான் வேண்டும் என்றான் அவன். அதைச் சொல்ல அவரே லாண்டரிக்கு வந்தார். கூடைகள் எல்லாம் நிறைந்திருந்தன. நின்றபடியே சொன்னார்.

“நாளைக்கு ஆறாம் கொக்கியில் புதியவனுடையதை மாட்டு.”

“உங்களுடையது, கேப்டன்... கோச்?”

“மாஃபி” என்றார். இல்லை. இங்கே எல்லாரும் கடையில் சொல்கிற அரபிச் சொல்தான்.

புதியவன் நன்றாகவே ஆடினான். ஒரு தடவை, நின்ற இடத்திலிருந்து அச்சு அசலாக அதே தட்டு. நான் அவருடைய பாதத்தைப் பார்த்தேன். அது அசையவில்லை. கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம்.

மறுநாள் மத்தியானம் கிளப் டிரைவர் வந்து, கோச்சை அனுப்பிவிட்டார்கள், ராத்திரியே ஃபிளைட் என்றார்.

“அண்ணே, பெட்டியா?” என்றான் தம்பி. நான் ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவு திறந்தது. அவர்தான். கையில் வலைப்பை. காலையில் பயிற்சிக்குப் போட்டிருந்த உடுப்பு, ஒழுங்காக ஊக்குக் குத்தி. எந்த நாளும் போடுவதுபோலக் கூடையில் போட்டார். திரும்பி, “நாளைக்கு அந்தப் பேண்டைக் கொஞ்சம்...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கூடையையும் தன் கையையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை கிலோ, பாய்?”

“இன்னும் நிறுக்கல, கேப்டன்” என்றேன், தமிழிலேயே. தலையாட்டிவிட்டுப் போனார்.

“இத என்னாண்ணே செய்யிறது? ஆளே போயாச்சு” என்றான் தம்பி. பையை மெஷினில் போட்டேன். துவைத்து, காயவைத்து, பேண்டுக்கு இஸ்திரி போட்டு மடித்தேன். வைக்க ஓர் இடமில்லை. எடுத்துக்கொண்டு ரூமுக்கு வந்தேன். மனைவி போனில் வந்தாள்.

“பெட்டி கெட்டியாச்சா?”

“கெட்டியாச்சு.”

“நீலச் சட்டைய வெளிய வச்சியளா?”

“வச்சேன்.”

“பொறவு என்ன, சத்தம் ஒரு மாதிரி இருக்கு?”

“உள்ள வேற ஒருத்தருக்க உடுப்பு இருக்கு.”

“அவரு வந்து கேப்பாரா?”

“கேக்க மாட்டாரு.”

“அப்பம் மேலாக்க வையுங்க. கசங்காம இருக்கட்டும்.”