உப்புக் கரித்த பால்

மகளுக்கு அப்போது இரண்டு மாதம். கணவர் துபாயில் வேலை. ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் நானும் அவளும் மட்டும்தான். போனில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாப்பா பால் குடிச்சாளா?"

ஒருநாள் காலை, வலது மார்பில் வாய் வைத்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டாள். எத்தனை முறை வைத்தாலும் அதேதான். கூட இருக்கும் ஒரே உயிருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்று நானும் சேர்ந்து அழுதேன்.

ஆட்டோ பிடித்துப் புத்தூரில் குழந்தைகள் டாக்டரிடம் போனேன். பார்த்துவிட்டு, "பாப்பா நல்லாத்தான் இருக்கா. அந்தப் பாலை ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாருங்கம்மா" என்றார் அந்த டாக்டரம்மா.

திரைக்குப் பின்னால் போய் வைத்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"பால் கட்டிக்கிட்டு உள்ள வீங்கியிருந்தா பால்ல உப்பு கூடிடும். குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது, ருசிதான் பிடிக்கல. நிறுத்தாம கொடுங்க" என்றவர், என் நெற்றியைத் தொட்டார். "உங்களுக்குத்தான் காய்ச்சல் கொதிக்குது. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் தோன்றியது, கவனித்தவள் என் மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று.