பூட்டிக் கிடந்த கதவின் சாவி

சூர்யகலா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். மரக்காணம் உப்பளத்தில் அவளோடு உப்பு சுமக்கும் மற்ற ஏழு பெண்களும் அப்படித்தான். கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்திகள். ஒதுங்க ஒரு புதர் கிடையாது. மோட்டார் கொட்டகையை ஒட்டி முதலாளிக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. அந்த மகராசன் வருவதென்னவோ மாதத்துக்கு ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அது பூட்டியே கிடக்கும்.

கல்யாணமாகி வந்த மறுமாதத்திலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு இந்தப் பழக்கம். போன வாரம் நீர்க்கடுப்புக்கு ஊசி போட்ட நர்ஸ், தண்ணீர் குடிக்கக் கூடாதென்று யார் சொன்னது என்று கேட்டாள். யோசித்து யோசித்துப் பார்த்தும் சூர்யகலாவுக்கு ஒரு பெயர்கூட வரவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாருமே சொல்லாத ஒன்றுக்கா இத்தனை வருஷம் கட்டுப்பட்டோம் என்று ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே இரண்டு சொம்பு குடித்துவிட்டு வந்தாள். ஒன்பது மணிக்குள் அடிவயிறு முட்டியது. கூடையை வரப்பில் வைத்துவிட்டு மேஸ்திரி கலியமூர்த்தியிடம் போய்ச் சாவி கேட்டாள். அவர் கெட்டவரில்லை, இதுவரை இதையெல்லாம் யோசிக்க வேண்டி வராத மனிதர்.

"உன்ன யாரும்மா தடுத்தது? தாராளமா போயேன்" என்று வெட்டவெளியைக் கை காட்டினார்.

"எங்க போறதுங்க மேஸ்திரி? நீங்களே ஒரு எடம் சொல்லுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். உப்பும், அடுத்த பாத்தியில் அதை வாரிக்கொண்டிருந்த ஆண்களும்தான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவள் மட்டும் போய்விட்டு வரட்டும், மற்றவர்களிடம் மூச்சு விடக் கூடாது என்றார்.

போய் வந்தாள். உடம்பு லேசானது, மனசு ஆகவில்லை. நாளைக்கும் இதே போலக் கெஞ்சத்தானே வேண்டும்? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கூடையைத் தூக்கினாள். மேஸ்திரி பின்னாலேயே வந்து சாவியைக் கேட்டார்.

"எங்கிட்டயே இருக்கட்டுங்க. எட்டு பேருக்கும் எப்ப வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று மேஸ்திரி மிரட்டினார். வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் சூர்யகலாவுக்கு அப்போதுதான் வந்தது. இத்தனை பேரில் பயந்தாங்கொள்ளி தனகோடிதான். அவள் கூடையை இறக்கி வைத்தாள். மேஸ்திரியை ஏறிட்டும் பார்க்காமல் சூர்யகலாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"சாவிய குடுக்கா. எனக்கும் போவணும்."