மாமியின் குளிசையும் என்னுடையதும்

புத்தளத்து அகதி முகாமிலிருந்து எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய அடுத்த வருடம், நாலு மாதமாக எனக்கு மாதவிடாய் வரவில்லை. கலியாணம் முடித்து ஆறு வருடமாகியும் பிள்ளை இல்லை. அதற்கு மன்னார் ஆஸ்பத்திரியில் எனக்குத் தந்த குளிசையைப் பார்த்த மாமி, என் கணவரின் தாய், "இது எனக்குத் தாற சீனி வருத்தக் குளிசையல்லோ!" என்றார். மாறித் தந்துவிட்டார்கள் என்று நினைத்து மறுநாளே திருப்பிக் கொண்டுபோனேன்.

"உங்களுக்குச் சீனி இல்லை," என்றார் டொக்டர். "ஆனால் உங்கட உடம்பில இன்சுலின் சரியா வேலை செய்யுதில்லை. அதால அது அளவுக்குக் கூடச் சுரந்து, முட்டை விடுற சூலகத்தைக் குழப்புது. இந்த மெட்ஃபோர்மின் சிலருக்கு அதைச் சரிப்படுத்தும். சாப்பாட்டோட குடியுங்கோ."

முதல் இரண்டு கிழமையும் வயிற்றோட்டம். தனக்கும் அப்படித்தான் இருந்ததாகவும், அதனால் குளிசையை எப்போதோ நிறுத்திவிட்டதாகவும் மாமி அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பிறகு இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டு, ஒன்றாகவே குடித்தோம்.

குளிசை தொடங்கி ஐந்தாம் மாதம் மாதவிடாய் ஒழுங்கானது. மகள் பிறக்க மேலும் இரண்டு வருடம் சென்றது. குளிசையால்தானோ என்று டொக்டரிடம் கேட்டேன்.

"உதவியிருக்கும். ஆனால் அதால மட்டும்தான் எண்டு சொல்ல ஏலாது," என்றார்.