திறந்த கேட்டில் நின்ற கார்

கூடத்தில் டம்ளர் விழுந்து உருண்டது.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்பத்து மூன்று வயது அப்பாவின் கையிலிருந்து டம்ளர் நழுவுவது புதிதல்ல. நழுவிய உடனே "ஒண்ணுமில்லம்மா, தண்ணிதான்" என்று குரல் வந்துவிடும். அன்று அந்தக் குரல் வரவில்லை. தொலைக்காட்சியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ரயில்வே கேட் திறந்தே இருந்தது. இருந்தும் டிரைவர் காரை நிறுத்தினார். பின்னால் துரத்தி வந்த போலீஸ் ஜீப்புக்கு அந்த இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. தலைவரைக் காட்டிக்கொடுத்தது அவர் நம்பிய கைகளே."

சோப்பு நுரையோடு அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைப் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு முதியவர். ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் அந்நாள் செயலாளர் என்று கீழே எழுத்து ஓடியது. நானும் அந்த வண்டியில்தான் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலியில் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொட்டிய தண்ணீர் அவர் பாதத்தைச் சுற்றி ஓடியது. காலைத் தூக்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

இளமையில் அப்பா சங்கத் தலைவருக்குக் கார் ஓட்டினார் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தது அவ்வளவுதான். தலைவரின் படம் எப்போதாவது பேப்பரில் வந்தால், அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து வைத்துவிடுவார்.

"அப்பா, இது உங்களையா சொல்றாங்க?"

"டிவியை நிறுத்தும்மா."

நிறுத்தினாள். ஆனால் அவளுக்குள் ஒன்று அந்த நிமிடம்தான் கிளம்பியது.

அவள் யார் என்று சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பா. கிளச்சுக்கும் கியருக்கும் முன்னால் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. ரயில்வே கேட் வந்தால் அது மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் வண்டி நிற்க வேண்டும். நின்றால் போதாது, என்ஜினை அணைக்க வேண்டும். அணைத்தால் போதாது, இறங்கித் தண்டவாளத்தருகே போய்க் காது கொடுத்துக் கேட்க வேண்டும். லாரியில் கிளீனராக இருந்த அவருடைய அண்ணன், கேட் காவலர் மூட மறந்த ஒரு காலையில், திறந்த கேட்டில்தான் செத்துப்போனார். அதிலிருந்து அப்பாவுக்கு அது சத்தியம். அப்பாவிடமிருந்து அவளுக்கும்.

இதனால் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வேன் தினமும் நாலு நிமிடம் தாமதம் என்று பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டு, கேட்டுக்கு ஒரு ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுப்பது எதற்கு என்று நக்கலாகக் கேட்டார். அந்த ஆளுக்கும் தூக்கம் வரும் சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். மறுநாளும் இறங்கினாள். பிள்ளைகள் 'ரயில்வே அக்கா' என்று பட்டம் கட்டினார்கள். அதையும் சிரித்து ஏற்றுக்கொண்டாள்.

திறந்த கேட்டில் வண்டியை நிறுத்துவது துரோகம் என்றால், அவள் தினமும் நாலு முறை துரோகம் செய்துகொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அப்பா சாயங்காலம் டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். விஷயம் தெரியாத ஒரு சிநேகிதர், அந்தப் படம் பார்த்தீங்களா, எப்பேர்ப்பட்ட பாவி பாருங்க அந்த டிரைவர் என்று அவரிடமே கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக் கழற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே திரும்பி வந்தது. ஐம்பது வருஷம் யாரிடமும் சொல்லாமல் சுமந்த மனிதர் இப்போது ஊர் வாயில் விழுந்து கிடக்கிறாரே என்று அவள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள். அழுது முடித்து முகம் கழுவியதும் போனை எடுத்தாள்.

தொலைக்காட்சி நிலையத்தில் முதலில் எடுத்த பெண், காத்திருங்கள் என்றாள். இரண்டாவது ஆள் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார். மூன்றாவது ஆள், அது வெளியார் எடுத்த படம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார். காலைப் பயணம் முடிந்து வேனை நிழலில் நிறுத்திவிட்டு, டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து அவள் தினமும் முயன்றாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் கேலி செய்தார்.

"எனக்கு இத்தனை தடவை போன் பண்ணியிருந்தா நான் எப்பவோ உருப்பட்டிருப்பேன்."

"உங்களுக்கு ஒரு தடவை பண்ணதுக்கே கல்யாணத்துல முடிஞ்சுது. சும்மா இருங்க."

பதினான்காவது முறை படத்தின் இயக்குநரே பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். செயலாளர் நேரில் பார்த்த சாட்சி, அதை மறுக்க உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்.

"இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

போனை வைத்த பிறகுதான் யோசித்தாள். ஆதாரம் என்று அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

கணவர் அந்தப் படத்தைத் தன் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். கடை திறக்கப் போகும் முன் தினமும் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று நாள் ஒன்றும் அகப்படவில்லை. நான்காம் நாள், கடைசிப் பகுதியில், எட்டு மாதத் தண்டனை முடிந்து தலைவர் சிறையிலிருந்து வெளியே வரும் பழைய காட்சியில் அவள் கணவரின் கையைப் பிடித்தாள்.

"நிறுத்துங்க. பின்னாடி போங்க. இங்க."

பதினோரு விநாடிக் காட்சி. சிறை வாசலில் கூட்டம். தலைவருக்காக ஒரு காரின் பின்கதவைத் திறந்து பிடித்திருக்கிறார்கள். அவர் அதைக் கடந்து போய், முன்கதவைத் தானே திறந்து டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிறார். டிரைவரின் முகத்தைக் கூட்டம் மறைக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்த வலது கை மட்டும் தெரிகிறது. கட்டை விரல் கொக்கி மாதிரி வெளிப்பக்கம் வளைந்து நிற்கிறது.

அந்த விரலை அவளுக்குத் தெரியாதா? நடை பழகியதே அதைப் பிடித்துத்தானே.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை பார்த்தார். "முன்னாடிதான் உட்கார்ந்தார்" என்று மட்டும் சொன்னார். பிறகு போனைக் கையை விட்டுக் கொடுக்கவே அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் கேமராப் பை, அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கும் பழக்கம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்தார். பெரியவரின் கையைப் பார்த்தார். மறுபடியும் காட்சியைப் பார்த்தார். கடிகாரத்தை அதன்பின் அவர் பார்க்கவில்லை.

காட்டிக்கொடுத்தவன் பக்கத்தில் யாராவது போய் உட்காருவார்களா, சிறையிலிருந்து வந்த அன்றே அவனை நம்பி வண்டியில் ஏறுவார்களா என்று அவள் வரிசையாகக் கேட்டாள். இரண்டு மூன்று நாளாக வேன் ஓட்டும்போதெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்த கேள்விகள். எதையும் விடவில்லை.

"இது நீங்கதான்னு நம்பறேன் ஐயா" என்றார் இயக்குநர். "ஆனா கேட் திறந்திருந்தது. ஏன் நிறுத்தினீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்பா கையை உயர்த்தித் தடுத்தார். அண்ணன் செத்த கதையை அவரே சொன்னார். ஆலை வாசலுக்குப் போய் வேலைநிறுத்தத்தை அறிவிக்கத் தலைவர் விடியற்காலையில் கிளம்பிய கதையைச் சொன்னார். பின்னால் ஜீப் வெளிச்சம் தெரிந்ததைச் சொன்னார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார்.

"தலைவர் சொன்னார், இன்னிக்கு மட்டும் நிறுத்தாதேப்பான்னு. நான் நிறுத்தினேன்."

இது அவளுக்குத் தெரியாது. இதை வெளியாள் முன்னால், அதுவும் அந்த மனிதரின் முன்னால் சொல்கிறாரே என்று பதறினாள்.

"அப்பா, அது வேண்டாம்."

"வேணும்மா. நிறுத்தாம போகச் சொன்னா என் கால் கேக்கல. பிரேக்கை மிதிச்சிடுச்சு. என்ஜினை அணைச்சு, இறங்கிக் கேட்டேன். ரயில் வரல. ஓடி வந்து ஹேண்டில் போட்டுச் சுத்தினேன். அவசரத்துல என்ஜின் எதிர்ப்பக்கம் உதைச்சுது. கட்டை விரல் ஒடிஞ்சுது. ஒடிஞ்ச விரலோட இன்னும் ரெண்டு சுத்து சுத்தினேன். கிளம்பல. ஜீப் வந்துடுச்சு."

முன்னால் இரும்பு ஹேண்டில் செருகிச் சுற்றினால்தான் கிளம்பும் பழைய கார் அது என்பதை இயக்குநருக்கு அவள் விளக்க வேண்டியிருந்தது. விளக்கும்போதே அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பிடித்துக்கொடுக்க நினைத்தவன், வண்டியைக் கிளப்பக் கையை ஒடித்துக்கொள்வானா?

போலீஸ்காரர் தோளைப் பிடித்து இழுக்கும்போதும் தலைவர் தன் கைக்குட்டையால் அந்த விரலைக் கட்டிவிட்டுத்தான் போனாராம். எட்டு மாதம் கழித்து, அதே கார், அதே டிரைவர் வரட்டும் என்று சிறைக்குள்ளிருந்து சொல்லி அனுப்பினாராம். திரும்பி வருகிற வழியில் அதே கேட். அதுவும் திறந்திருந்தது.

"நான் நிறுத்தாம ஓட்டிட்டுப் போகத்தான் பார்த்தேன். வெக்கமா இருந்துச்சு. அவர் ஸ்டியரிங் மேல கையை வெச்சு, ஏன்பா, நான் உள்ள இருந்த நேரத்துல பழக்கத்தை மாத்திட்டியான்னு கேட்டார். நிறுத்தினேன். அவரும் கூட இறங்கினார். ரெண்டு பேரும் நின்னு கேட்டோம்."

எப்போதும் ஏதாவது கேலி வைத்திருக்கும் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இயக்குநர் மெதுவாகக் கேட்டார், நீங்கள் ஹேண்டில் சுற்றியதைச் செயலாளர் சொல்லவே இல்லையே, அவர் அப்போது எங்கே இருந்தார் என்று.

பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் தண்டவாளத்துக்கிட்ட நின்னப்பவே, வெளிச்சம் கிட்ட வரவும் இறங்கி வயல் பக்கம் போயிட்டார். வண்டி நின்னதை மட்டும்தான் பார்த்திருப்பார். அதை நீங்க போட வேண்டாம் தம்பி. அவருக்கு அப்போ ரெண்டு கைக்குழந்தை. ஓடினது தப்பில்ல."

நம்மை ஊருக்கு முன்னால் பாவியாக்கியவரை இப்போது எதற்காகக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் கேட்கத்தான் நினைத்தாள். அப்பாவின் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத தெளிவு வந்திருந்தது. கேள்வியை விழுங்கினாள். ஆனால் தன் கோரிக்கையை விழுங்கவில்லை.

"எங்க அப்பா சொன்ன மாதிரியே போடுங்க. தலைவர் நிறுத்தாதேன்னது, இவர் நிறுத்தினது, எல்லாம். ஆனா காட்டிக்கொடுத்தாருன்னு ஒரு வரி வருதே, அது இருக்கக்கூடாது. அது செயலாளர் சொன்னது இல்ல. நீங்க எழுதினது."

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். அது உண்மை. அந்த வரி நன்றாக இருக்கிறது என்று அவரே எழுதிச் சேர்த்தது. நீக்கிவிடுகிறேன் என்றார். எப்போது என்று கேட்டாள். அடுத்த மாதம் மறுஒளிபரப்புக்கு முன்னால் என்றார். தேதி கேட்டாள். தேதி சொன்னார். அதைக் கையெழுத்தோடு எழுதித் தரச் சொன்னாள். அவள் நீட்டிய வேன் டைரியில், டீசல் போட்ட விவரத்துக்குக் கீழே, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு கேமராவை எடுத்து நிறுத்தினார். பெரியவர் சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தார். சொன்ன கதையை ஒரு வார்த்தை கூட்டாமல், ஒன்றைக் குறைக்காமல் மறுபடி சொன்னார். செயலாளர் ஓடிய இடம் வந்தபோது அதை மட்டும் தாண்டிப் போனார். கடைசியில் இயக்குநர் கேட்டுக்கொண்டதற்காக வலது கையைக் கேமராவுக்கு நேராகக் காட்டினார். அது நடுங்கியது. அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளவில்லை. நடுங்கட்டும், அப்படியே எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஒரு மணி ஆகியிருந்தது. இயக்குநர் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டியவர் திரும்பி, மன்னிச்சிடுங்க ஐயா என்றார். பெரியவர் நாற்காலியின் கையைப் பற்றி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"தம்பி, இந்தத் தடவை செயலாளரும் பார்ப்பாரா?"

"கண்டிப்பா பார்ப்பார் ஐயா."

"அப்போ முன்னாடியே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிடுங்க. டிவியில திடீர்னு பார்க்க வேண்டாம். என் வயசுதான் அவருக்கும்."

இயக்குநர் தலையசைத்தார். இன்றைக்கே போகிறேன் என்றார். அவர் காரின் சத்தம் தெருமுனை தாண்டும் வரை அப்பாவும் மகளும் வாசலில் நின்றார்கள். பிறகு அவள் கதவைச் சாத்தினாள்.